குவாராப் வாங்குமுன் பார்க்க வேண்டிய மூன்று பரிசோதனைகள்

அரேபியக் குதிரையையும், அமெரிக்கக் குதிரை இனமான குவார்ட்டர் ஹார்ஸையும் சேர்த்து அமெரிக்காவில் உருவான கலப்பினம் குவாராப். முன்னதிடமிருந்து நெடுந்தூரம் ஓடும் தாங்குதிறனும், பின்னதிடமிருந்து திரண்ட பின்தொடையும் நிதானமும் கிடைக்கும் என்பதே எதிர்பார்ப்பு. எல்லாக் குட்டிக்கும் அப்படி வாய்ப்பதில்லை. பெரும்பாலும் 14 முதல் 16 கை உயரம் இருக்கும். ஒரு கை என்பது 4 அங்குலம்.

கலப்பினம் என்றாலே பரம்பரை நோய் அண்டாது என்று நினைப்பது தவறு. அரேபிய வழியில் வரும் எஸ்.சி.ஐ.டி. என்ற எதிர்ப்புச்சக்திக் குறைபாடும், சிறுமூளைச் செல்கள் அழிந்து தலை நடுங்கும் செரிபெல்லர் அபயோட்ரோபியும் ஒடுங்கு மரபணுவால் வருபவை; இரு பிரதிகள் சேர்ந்தால்தான் நோய் வரும். ஒரு பிரதி மட்டும் கொண்ட குவாராப் ஆரோக்கியமாகவே வாழும். அதை அதே மரபணுவின் ஒரு பிரதி கொண்ட இன்னொரு குதிரையோடு சேர்த்தால், ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. எஸ்.சி.ஐ.டி. குட்டி பிறக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். சீம்பாலில் கிடைத்த எதிர்ப்புச்சக்தி தீர்ந்ததும் நிமோனியா பிடிக்கும்; பொதுவாக 5 மாதத்துக்குள் இறந்துவிடும்.

குவார்ட்டர் ஹார்ஸ் வழியில் வரும் எச்.ஒய்.பி.பி. என்ற தசை நோய் இன்னும் சிக்கலானது. 1969இல் பிறந்த இம்ப்ரெசிவ் என்ற பொலிக்குதிரையின் வம்சத்தில் பரவியது இது. ஓங்கு மரபணு என்பதால் ஒரு பிரதியே போதும். கலப்பு இங்கே எந்தக் காப்பும் தராது. தசையின் சோடியம் வாயில்கள் சரியாக மூடாததால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும்போது தசை துடிக்கும், வியர்க்கும், மூன்றாம் இமை கண்ணை மறைக்கும், பின்கால் தளர்ந்து குதிரை விழும். வயிற்றுவலி என்று பலர் தவறாகக் கணிப்பது இதைத்தான்.

இப்படிப்பட்ட குதிரைக்குக் குதிரைமசால், சோயாப் புண்ணாக்கு, மொலாசஸ் கலந்த தீவனம், பொட்டாசியம் சேர்ந்த எலக்ட்ரோலைட் பொடி ஆகியவை வேண்டாம். மொத்தத் தீவனத்தில் பொட்டாசியம் 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. ஓட்ஸும், மொலாசஸ் சேர்க்காத சுகர் பீட் (சர்க்கரைக் கிழங்கு) சக்கையும் ஏற்றவை. உலர்புல்லைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் போட்டால் பொட்டாசியம் குறையும். 450 கிலோ குதிரைக்கு நாளுக்கு 7 முதல் 9 கிலோ உலர்புல் தேவை. அதைப் பல வேளையாகப் பிரித்துக் கொடுங்கள், பட்டினி போடாதீர்கள். பட்டினி, நீண்ட பயணம், திடீர்த் தீவன மாற்றம் மூன்றும் நோய்த் தாக்குதலைத் தூண்டும்.

தசைத்துடிப்பு லேசாக இருந்தால் கொஞ்சம் ஓட்ஸ் கொடுத்து மெல்ல நடத்தலாம். மாவுச்சத்தால் இன்சுலின் சுரந்து பொட்டாசியம் செல்லுக்குள் திரும்பும். விழுந்த குதிரையை இழுத்து எழுப்ப வேண்டாம். கால்சியம் குளுக்கோனேட்டை ரத்தநாளத்தில் ஏற்ற கால்நடை மருத்துவர் வர வேண்டும்.

இந்த மூன்று நோய்க்குமான மரபணுப் பரிசோதனைக்குப் பிடரியிலிருந்து 20, 30 முடி போதும். வேரோடு பிடுங்க வேண்டும். கத்தரித்த முடியில் வேர்ச்செல் இருக்காது. எச்.ஒய்.பி.பி. உறுதியானால், ஆண்மை நீக்கமோ வேறு அறுவையோ செய்யுமுன் மயக்க மருந்து தருபவரிடம் சொல்லிவிடுங்கள். மயக்கத்தின்போதும் தெளியும்போதும் தாக்குதல் வரலாம்.