மயஸ்தீனியா கிரேவிஸ்: மரபணுவின் பங்கு எவ்வளவு?

காலையில் நன்றாகப் பேசி, மென்று சாப்பிட்டவருக்கு மாலையில் கண் இமை சரிகிறது. எதிரே நிற்பவர் இரண்டாகத் தெரிகிறார். பேசப் பேசக் குரல் மூக்கால் வருகிறது. சற்று ஓய்வெடுத்தால் ஓரளவு சரியாகிவிடுகிறது. மயஸ்தீனியா கிரேவிஸ் என்ற தசைத்தளர்ச்சி நோயின் அறிகுறிகள் இவை. இதைச் சோம்பல் என்றோ மனச்சோர்வு என்றோ சுற்றியிருப்பவர்கள் ஒதுக்கிவிடுவது வேதனையானது. ஏனெனில் மூச்சுத் தசைகளும் தளர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

நரம்பு முனையிலிருந்து வெளிப்படும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள், தசையில் அதைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் என்ற புரதங்களில் பொருந்தினால்தான் தசை சுருங்கும். தொடர்ந்து இயங்கும்போது அது வெளிப்படும் அளவு இயல்பாகவே குறைந்துகொண்டு போகும். ஏற்பிகள் தேவைக்கு மேல் இருப்பதால் நலமாக உள்ளவருக்கு அந்தக் குறைவு தெரிவதில்லை. மயஸ்தீனியாவில், கிருமிகளை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்பொருள்களே பெரும்பாலும் இந்த ஏற்பிகளைத் தாக்கி அழிப்பதால், சிறு குறைவும் தளர்ச்சியாக வெளிப்படுகிறது. சிலரிடம் மட்டும் தாக்குதல் தசையிலுள்ள மஸ்க் என்ற வேறொரு புரதத்தின் மீது விழுகிறது. இது 2001-இல் கண்டறியப்பட்டது.

பிள்ளைகளுக்கும் வருமா என்பதே குடும்பத்தினரின் முதல் கவலை. ஒரே கருமுட்டையிலிருந்து உருவான இரட்டையரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால் மற்றவருக்கும் இருப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மரபணுக்கள் முழுக்க ஒத்திருந்தும் இவ்வளவே என்றால், மரபணு நோய்க்கு இடம் கொடுக்கிறதே தவிர நோயை நேரடியாகக் கையளிப்பதில்லை.

அந்த இடம் எச்எல்ஏ மரபணுக்களில்தான் அதிகம் தெரிகிறது. எந்தப் புரதத் துணுக்கை நோயெதிர்ப்பு அணுக்களான டி செல்களுக்குக் காட்டுவது என்பதைத் தீர்மானிப்பவை அவை. இளவயதிலேயே நோய் தொடங்கும் ஐரோப்பியப் பெண்களிடம் பி8, டிஆர்3 என்ற எச்எல்ஏ வகைகளும், மஸ்க் எதிர்பொருள் உள்ளவர்களிடம் டிஆர்14 வகையும் கூடுதலாகக் காணப்படுகின்றன. டி செல்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிடிபிஎன்22 மரபணுவிலும் ஒரு மாற்றம் கண்டறியப்பட்டுள்ளது. ஐரோப்பியரிடம் பரவலான அந்த மாற்றம் ஆசியரிடம் மிக அரிது. ஆகவே அங்கே கண்ட முடிவுகளை நம் மக்கள் மீது அப்படியே ஏற்றிப் பார்ப்பது சரியன்று. மார்புக்கூட்டின் மேற்பகுதியில் உள்ள தைமஸ் சுரப்பிக்கும் இதில் பங்குண்டு: உடலின் சொந்தப் புரதங்களைத் தாக்கக்கூடிய டி செல்கள் வழக்கமாக அங்கேயே நீக்கப்படுகின்றன. ஏற்பிப் புரதத்தை அங்கே போதிய அளவு உருவாகவிடாத ஒரு மரபணு மாற்றம், இளவயதுத் தொடக்கத்தோடு தொடர்புபடுத்தப்பட்டுள்ளது.

பிறவி மயஸ்தீனியா இதிலிருந்து வேறானது. அங்கே நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தின் புரதங்களே மரபணுப் பிழையால் பழுதுபட்டிருப்பதால், நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகள் அதற்குப் பயன்படா. தாயின் எதிர்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியே குழந்தையை அடைந்து உண்டாக்கும் தளர்ச்சியும் பரம்பரை நோயன்று. அவை சிதைந்ததும், பெரும்பாலும் சில வாரங்களில், அது நீங்கிவிடும். எனினும் பிறந்த முதல் நாள்களில் குழந்தை பால் குடிப்பதையும் மூச்சு விடுவதையும் கூர்ந்து கவனிக்க வேண்டியிருப்பதால், தனக்கு இந்நோய் இருப்பதைக் கருவுற்ற பெண் மகப்பேறு மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது அவசியம்.