கேழ்வரகுக்கு நடுவே துவரைச் சால்

ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குப் போகிற ரயில் குப்பத்தைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் செம்மண் மேடுகள் தெரியும். தமிழ்நாடும் ஆந்திராவும் கர்நாடகமும் கிட்டக்கிட்ட வருகிற இடம். வீட்டில் தமிழும் சந்தையில் தெலுங்கும் பேசுகிற விவசாயிகள் இங்கே நிறைய. மழையை நம்பி ஆடியில் கேழ்வரகு விதைப்பார்கள். புரட்டாசி வாக்கில் பார்த்தால் அந்த நிலங்களில் கேழ்வரகு தனியாக நிற்காது. எட்டு வரிசைக்கு ஒன்றோ இரண்டோ வரிசை துவரை ஓடும், அல்லது மொச்சை. சில காடுகளில், அதாவது மானாவாரி நிலங்களில், ஓரத்தில் ஆமணக்கும் இருக்கும்.

ஏன் இப்படி என்று கேட்டால், “மழை ஏமாத்தினா ஒண்ணு போனாலும் இன்னொண்ணு நிக்கும்” என்பார்கள். மானாவாரியில் அது முற்றிலும் சரியான கணக்கு. பாடப்புத்தகம் இன்னொரு காரணம் சொல்லும்: பயறு வகைச் செடி காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துப் பக்கத்துப் பயிருக்குக் கொடுக்கிறது. இந்த விளக்கம் பாதிதான் சரி. மீதிப் பாதியைச் சரியாகப் புரிந்துகொள்ளாததால்தான் பல காடுகளில் ஊடுபயிர் போட்டும் அதன் முழுப் பலன் கிடைப்பதில்லை.

முதலில் காற்றைப் பார்ப்போம். அதில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆனால் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் மூன்று பிணைப்புகளால் இறுக்கமாகச் சேர்ந்திருப்பதால் எந்தச் செடியாலும் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. கடல் நடுவே தாகத்தோடு இருப்பவரின் நிலைதான் பயிருக்கும். யூரியாவுக்கு அடிப்படையான அம்மோனியாவைத் தயாரிக்கும் தொழிற்சாலையில் அந்தப் பிணைப்பை உடைக்க 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பமும், நாம் வாழும் காற்றழுத்தத்தைப் போல 150 மடங்குக்கு மேல் அழுத்தமும் தேவை. துவரை வேரிலுள்ள பாக்டீரியா அதே வேலையைச் சாதாரண மண்ணின் வெப்பத்தில் செய்கிறது. 1886-இல் ஜெர்மனியின் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும், பயறு வகைகளுக்கு வேர் முடிச்சுகள் வழியாகத்தான் காற்றின் நைட்ரஜன் கிடைக்கிறது என்று அறிவித்தார்கள். அந்த பாக்டீரியாவைத் தனியாகப் பிரித்து வளர்த்தவர் நெதர்லாந்தின் பைஜரிங்க், 1888-இல்.

முடிச்சு உருவாகும் விதம் எப்போது படித்தாலும் வியப்பாக இருக்கிறது. நைட்ரஜன் போதாத செடி தன் வேரிலிருந்து ஃபிளேவனாய்டு என்ற பொருளை மண்ணில் கசியவிடுகிறது. அதை உணர்ந்த ரைசோபியம் வகை பாக்டீரியா பதிலுக்கு வேறொரு வேதிப்பொருளை வெளியிடுகிறது. உடனே வேர்த்தூவி சுருண்டு பாக்டீரியாவைச் சுற்றிக்கொள்ள, அது ஒரு மெல்லிய குழாய் வழியாக வேருக்குள் போய்ச் சேர்கிறது. அங்கே வீக்கம் கண்டு முடிச்சாகிறது. பிணைப்பை உடைக்கும் நைட்ரஜனேஸ் என்ற நொதி ஆக்ஸிஜன் பட்டால் கெட்டுவிடும். பாக்டீரியா சுவாசிக்கவோ ஆக்ஸிஜன் வேண்டும். அதனால் நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினின் உறவான லெக்ஹீமோகுளோபினைச் செடி தயாரித்து, ஆக்ஸிஜனை அளந்து அளந்து கொடுக்கிறது. நல்ல முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருப்பது இதனால்தான்.

இதெல்லாம் செடிக்குச் சும்மா கிடைப்பதில்லை. ஒரு நைட்ரஜன் மூலக்கூறை மாற்ற 16 ஏடிபி, அதாவது உயிரணுவின் எரிபொருளில் 16 மூலக்கூறுகள் செலவாகும். இலை தயாரித்த சர்க்கரையிலிருந்துதான் அது வரவேண்டும். எனவே மண்ணிலேயே நைட்ரேட், அதாவது வேர் உறிஞ்சக்கூடிய வடிவிலுள்ள நைட்ரஜன், தாராளமாக இருந்தால் துவரை அதை உறிஞ்சிக்கொண்டு, முடிச்சு போடுவதைக் குறைத்துவிடும்.

கேழ்வரகின் பங்கு இங்கேதான் வருகிறது. அதன் சல்லிவேர்கள் மேல்மண் முழுக்கப் பரவி, இருக்கிற நைட்ரேட்டை வேகமாக எடுத்துவிடும். பக்கத்துத் துவரைக்கு மண்ணில் மிச்சம் குறைவு. வேறு வழியில்லாமல் காற்றை நாடும். தானியத்தோடு சேர்ந்து வளரும்போது பயறு வகை தன் நைட்ரஜனில் கூடுதல் பங்கைக் காற்றிலிருந்து எடுக்கிறது என்பதை, நைட்ரஜன்-15 என்ற, சற்றுக் கனமான நைட்ரஜன் அணு வகையை (ஐசோடோப்பை) வைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள். துவரை கேழ்வரகுக்கு அந்தப் பருவத்திலேயே ஊட்டுவது பெரும்பாலும் சொற்பம். மண்ணிலுள்ளதைக் கேழ்வரகுக்கு விட்டுவிடுவதுதான் அது செய்யும் பெரிய உதவி. உதிர்ந்த இலையும் மக்கிய வேரும் தரும் நைட்ரஜன் அடுத்த பயிருக்கே அதிகம் போய்ச் சேரும்.

இதைப் புரிந்துகொண்டால், ஊடுபயிர்க் காட்டில் கை நிறைய யூரியா வீசுவது எவ்வளவு பெரிய நஷ்டம் என்பது தெரியும். கேழ்வரகு தழைத்துத் துவரைக் கன்றை நிழலில் அமுக்கும், துவரையும் முடிச்சு போடாது. காசு கொடுத்து வாங்கிய நைட்ரஜனைப் போட்டு, இலவசமாகக் கிடைத்திருக்க வேண்டிய நைட்ரஜனை நிறுத்திவிடுகிறோம். போடுவதானால் கேழ்வரகு வரிசைக்கு மட்டும், அளவாகப் போடலாம்.

செம்மண்ணுக்கென்று இன்னொரு விஷயம் உண்டு. என்னைக் கேட்டால் நைட்ரஜனைவிட இதுதான் துவரையின் பெரிய கெட்டிக்காரத்தனம். மண்ணின் சிவப்புக்குக் காரணம் இரும்பு ஆக்ஸைடு. பயிருக்கு வேண்டிய இன்னொரு சத்தான பாஸ்பரஸை அந்த இரும்பு பிடித்து வைத்துக்கொள்ளும். மண் பரிசோதனையில் இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது. ஹைதராபாத் அருகே படான்செருவிலுள்ள இக்ரிசாட் ஆய்வு நிறுவனத்தில் நொரிஹாரு ஆயே தலைமையிலான குழு 1990-இல் இதற்கு ஒரு விடை சொன்னது. துவரையின் வேர் பிசிடிக் அமிலத்தைக் கசியவிடுகிறது. அது இரும்பைக் கவ்விக்கொள்ள, பாஸ்பரஸ் விடுபடுகிறது. பிற பயிர்கள் திணறிய செம்மண்ணில் துவரை தாக்குப்பிடித்தது அதனால்தான். அப்படி மேலே வந்த பாஸ்பரஸில் ஒரு பகுதி இலைச் சருகாகத் திரும்ப நிலத்துக்கே வருகிறது.

அப்புறம் தண்ணீரும் காலமும். கேழ்வரகு வேர் பெரும்பாலும் மேல்மண்ணோடு நின்றுவிடும், துவரையின் ஆணிவேர் ஒரு மீட்டருக்கும் கீழே இறங்கும். கேழ்வரகு நான்கு மாதத்துக்குள் கதிர் அறுப்புக்கு வந்துவிடும். துவரையோ முதல் இரண்டு மாதம் மெதுவாகத்தான் வளரும், போட்டிக்கே வராது. கேழ்வரகை அறுத்ததும் கிடைக்கும் வெளிச்சத்திலும் ஆழத்து ஈரத்திலும் கிளை விரித்துப் பூக்கும். நீண்ட வயது ரகமாக இருந்தால் தை வரை காய் பறிக்கலாம்.

லாபத்தை அளக்க ஒரு எளிய கணக்கு இருக்கிறது. ஒரு ஏக்கரில் கேழ்வரகு மட்டும் போட்டால் 10 குவிண்டால், துவரை மட்டும் போட்டால் 4 குவிண்டால் வரும் என்று வைத்துக்கொள்வோம். சேர்த்துப் போட்டதில் கேழ்வரகு 8.5, துவரை 2. முதலாவது 0.85 பங்கு, இரண்டாவது 0.5 பங்கு, கூட்டினால் 1.35. அதாவது ஒரு ஏக்கர் கலப்புப் பயிர் தந்ததைத் தனித்தனியாக எடுக்க 1.35 ஏக்கர் வேண்டும். உலகம் முழுக்க நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தவர்களுக்குக் கிடைத்த சராசரி 1.2-க்கும் 1.3-க்கும் இடையில். பூச்சியும் களையும் குறைவது உண்டு, ஆனால் அது இடத்துக்கு இடம் மாறும். அறுவடை இயந்திரத்துக்குக் கலப்புப் பயிர் ஒத்துவராது என்பது உண்மையான சிக்கல். கூலியாள் கிடைக்காத ஊரில் இதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

பெங்களூரிலும் கொல்லிமலையிலும் நடந்த கேழ்வரகு–துவரை சோதனைகளில் துவரையை நாற்றாக வளர்த்து நட்டுப் பார்த்திருக்கிறார்கள். மழை தள்ளிப்போகும் ஆண்டுகளில் அந்த முறைக்குப் பயன் உண்டு: சின்னப் பைகளில் கன்று தயாராக இருந்தால், மழை விழுந்ததும் கேழ்வரகோடு நட்டுவிடலாம். நேரடியாக விதைப்பவர்கள் ரைசோபியத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி விதைக்கலாம். நிலக்கடலை, தட்டைப்பயறு போட்டுப் பழகிய நிலத்தில் துவரைக்கு ஏற்ற பாக்டீரியா பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும், ஏனென்றால் இவை ஒரே கூட்டத்து பாக்டீரியாவோடு சேர்பவை. சந்தேகம் இருந்தால், பூ எடுப்பதற்குச் சற்று முன்பு ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து முடிச்சைக் கீறிப் பாருங்கள். உள்ளே சிவந்திருந்தால் பாக்டீரியா வேலை செய்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் அடுத்த ஆடிக்கு விதையோடு ரைசோபியமும் வாங்க வேண்டும்.