ஜிம் ரீல்ஸ் பார்த்த பிறகு கண்ணாடி ஏன் பிடிப்பதில்லை?

சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் ஜிம்முக்குப் போகிற தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணா, உடம்பு முன்னைக்கு இப்ப நல்லாத்தான் ஏறியிருக்கு, ஆனா ரீல்ஸ் பார்த்துட்டு கண்ணாடி முன்னாடி நின்னா பிடிக்கவே மாட்டேங்குது, ஏன்?"

அவன் மனசு பலவீனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூளை வேலை செய்கிற விதமே அதுதான்.

உடம்பு நன்றாக இருக்கிறதா என்று பார்க்கத் தனியாக அளவுகோல் கிடையாது, அதனால் அடுத்தவரைப் பார்த்துத்தான் நம்மை எடைபோடுகிறோம். லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1954-லேயே இந்த ஒப்பீட்டைப் பற்றி எழுதிவிட்டார். முன்பு ஒப்பிட நம் தெருக்காரர்கள் இருந்தார்கள், அதில் தொப்பையும் உண்டு, நோஞ்சானும் உண்டு. போனில் வருவதோ பொறுக்கியெடுத்த உடம்புகள் மட்டும்.

கண்ணும் சேர்ந்து பழகிவிடுகிறது. மத்தியான வெயிலில் இருந்து வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லாம் இருட்டாகத் தெரியுமே, அதே மாதிரி, முறுக்கேறிய உடம்புகளையே சில நிமிடம் தொடர்ந்து பார்த்தால் மூளை அதைத்தான் சாதாரணம் என்று எடுத்துக்கொள்ளும், அப்புறம் நிஜமாகவே சாதாரணமான உடம்பு சோனியாகத் தெரியும்.

2015-இல் ஆஸ்திரேலியாவில் மரிக்கா டிக்மன், மியா ஜக்காடோ இருவரும் 130 மாணவிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். பாதிப் பேருக்கு ஃபிட்னஸ் படங்கள், மீதிப் பேருக்குச் சுற்றுலாப் படங்கள். ஃபிட்னஸ் படம் பார்த்தவர்களுக்கு உடற்பயிற்சி செய்யும் ஆர்வம் கூடியது உண்மை, ஆனால் அதோடு தங்கள் உடம்பின் மேல் அதிருப்தியும் கூடியது, மனநிலையும் கெட்டது. ஏற்காடு கொண்டை ஊசி வளைவில் சட்டையைக் கழற்றி எடுக்கிற ரீல்ஸை இதோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். மலை மட்டும் தெரிந்தால் அது சுற்றுலாப் படம், முன்னால் சிக்ஸ் பேக் வந்து நின்றதும் அது வேறு வேலை செய்கிறது.

அந்த சிக்ஸ் பேக்கும் நாள் முழுக்க அப்படி இருப்பதில்லை. எடை தூக்கி முடித்ததும் தசைக்குள் ரத்தமும் நீரும் நிறைந்து புடைத்து நிற்கும், ஓரிரு மணி நேரத்தில் வடிந்துவிடும். பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒவ்வொரு வரியும் ஆழமாக விழும். எடுத்ததில் நல்லதாக ஒன்றைத்தான் போடுவார்கள்.

தம்பியிடம் ஜிம்மை விடச் சொல்லவில்லை. உடம்பைக் காட்டும் பக்கங்களை விலக்கிவிட்டு, ஸ்குவாட் எப்படிச் செய்வது என்று சொல்லித்தருகிறவர்களை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னேன். சோற்றைக் குறைப்பது, பெயர் தெரியாத ஊசி போடுவது என்று போனால் மட்டும் தள்ளிப்போடக் கூடாது, நம்ம அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது, நேராக அங்கே போய்விட வேண்டும்.