24 மணி நேரமும் ஒரு நர்ஸ்: சுகாதார நிலையத்தின் ஆள் கணக்கு

"24 மணி நேரமும் பிரசவம் பார்க்கப்படும்." நாங்குநேரிப் பக்கமோ மானூர்ப் பக்கமோ ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவரில் இப்படி எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே மூன்று ஸ்டாஃப் நர்ஸ் பணியிடங்கள். ஒரு ஷிப்ட் எட்டு மணி நேரம், மூன்று ஷிப்ட், மூன்று பேர். கணக்கு கச்சிதமாகத்தான் தெரிகிறது. ஆனால் இந்தக் கணக்கில் யாருக்கும் வார விடுமுறை இல்லை, காய்ச்சல் வராது, அண்ணன் வீட்டுக் கல்யாணம் கிடையாது.

ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அந்த நேரம் முழுக்க ஒரு நாற்காலி காலியாகாமல் இருக்க எத்தனை பேர் வேண்டும்? ஒருவரின் 365 நாளிலிருந்து வார ஓய்வு 52, அரசு விடுமுறை அல்லது அதற்கு ஈடான ஓய்வு 20, தற்செயல் விடுப்பு 12, ஈட்டிய விடுப்பு 30, பயிற்சிக்கும் உடல்நலக் குறைவுக்கும் 8 என்று கழிப்போம். 122 நாள் போய்விட்டது, மீதி 243 நாள். எட்டு மணி நேரத்தால் பெருக்கினால் 1,944 மணி. 8,760-ஐ 1,944-ஆல் வகுத்தால் 4.5. ஒரு நாற்காலிக்கு நாலரை ஆள்.

மூன்று பேரை மட்டும் வைத்தால் ஆண்டுக்கு 2,928 மணி நேரம் துண்டு விழும். அதாவது 122 முழு நாட்கள். ஒருவர் எடுக்கும் ஓய்வும் 122 நாள்தான் என்பது தற்செயல் அல்ல. மூன்று எட்டு சேர்ந்தால்தான் ஒரு நாள் என்பதால், மூவரும் ஆளுக்கு ஒரு நாள் விடுப்பு எடுத்தால் நிலையத்துக்கு ஒரு முழு நாள் ஓட்டை.

இந்த ஓட்டை வருகைப் பதிவேட்டில் தெரியாது. பன்னிரண்டு மணி நேர இரவு டூட்டியிலும், எடுக்காமல் போன வார ஓய்விலும், பக்கத்து நிலையத்திலிருந்து 'மாற்றுப்பணி'யில் வந்தவரின் கையெழுத்திலும் அது ஒளிந்திருக்கும். போதாக்குறைக்கு, பிரசவ நேரத்தில் ஒரு நாற்காலி போதாது. குழந்தை வெளியே வந்ததும் அழவில்லையென்றால் முதல் ஒரு நிமிடத்துக்குள் மூச்சுக்கு உதவி தொடங்க வேண்டும். அதே நிமிடத்தில் தாய்க்கு உதிரப்போக்கு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டு உயிருக்கு இரண்டு ஜோடிக் கை வேண்டும். இரவு ஷிப்டில் ஒற்றை நர்ஸ் என்பது இந்த இடத்தில்தான் ஆபத்தாகிறது.

தமிழ்நாடு அரசு ஊழியர்களின் மகப்பேறு விடுப்பு 2021 ஜூலை முதல் 12 மாதம். நல்ல ஏற்பாடு, இருக்க வேண்டியதும்கூட. ஆனால் ஏறக்குறைய எல்லாரும் பெண்களாக இருக்கும் பணியில், மூன்று பேர் கொண்ட நிலையத்தில் ஒருவர் அந்த விடுப்பில் போனால் பலம் ஓராண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு குறையும். முப்பது பேர் உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் அதே விடுப்பு முப்பதில் ஒரு பங்குதான். சின்ன நிலையங்கள் அடிக்கடி தள்ளாடுவதற்குச் சிறியதாக இருப்பதே ஒரு காரணம். ஆகவே பதிலி ஆட்களை நிலையவாரியாக அல்ல, வட்டாரத்துக்குப் பொதுவாக வைப்பதுதான் கணக்குப்படி சரி. பத்து நிலையங்களுக்குச் சேர்த்து ஐந்து பதிலி நர்சுகள் இருந்தால், நிலையத்துக்கு அரை ஆள் என்று தாளில் எழுதுவதைவிட அதிக ஓட்டைகள் அடைபடும்.

முப்பதாயிரம் என்ற எண்

ஆள் எண்ணிக்கை மக்கள்தொகையிலிருந்து தொடங்குகிறது. 1946-இல் ஜோசப் போர் தலைமையிலான குழு, உடனடித் திட்டமாக 40,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்றது. இன்றைய இந்திய அளவுகோல் சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியிலும் பழங்குடிப் பகுதியிலும் 20,000 பேருக்கு ஒன்று. துணை சுகாதார நிலையம் சமவெளியில் 5,000 பேருக்கு, மலையில் 3,000 பேருக்கு.

நெல்லைச் சீமையில் இந்த எண் எங்கே வழுக்குகிறது என்று பார்க்க மேற்கே போனால் போதும். காரையாறு அணையைப் படகில் கடந்து, பிறகு காட்டுக்குள் நடந்து சேர வேண்டிய இஞ்சிக்குழியில் இருப்பவை சில காணிப் பழங்குடிக் குடும்பங்கள். 3,000 பேருக்கு ஒருவர் என்று கணக்குப் போட்டால் அவர்கள் பங்குக்கு ஓர் ஆளின் சிறு துண்டுகூட வராது. ஆனால் அங்கே ஒரு கர்ப்பிணியைப் பார்த்துவர ஒரு முழு நாள் வேண்டும். பார்ப்பது அரை மணி, மீதியெல்லாம் பயணம். கிழக்கே உவரி, கூட்டப்புளிக் கரையில் சிக்கல் வேறு மாதிரி. கடலுக்குப் போனவர் காலை ஓ.பி.யில் வந்து நிற்க முடியாது. மக்கள்தொகை எண்ணில் அவர் இருக்கிறார், சீட்டு எண்ணிக்கையில் இல்லை.

அந்த மக்கள்தொகை எண்ணும் பழையது. கடைசியாக முடிந்த கணக்கெடுப்பு 2011-இல். தென்காசி தனி மாவட்டமானதே 2019 நவம்பரில். பாளையங்கோட்டையைச் சுற்றிப் புதுப்புது நகர்கள் முளைத்திருக்கின்றன, வானம் பார்த்த ஊர்களிலோ பூட்டிய வீடுகள் கூடியிருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே வளர்ச்சி விகிதத்தால் பெருக்கினால் இரண்டு பக்கமும் தப்பாகும்.

தலையை எண்ணாமல் வேலையை எண்ணுவது

உலக சுகாதார நிறுவனம் 'பணிச்சுமை குறியீடுகள்' முறை ஒன்றை 1998-இல் வெளியிட்டு, 2010-இல் திருத்தியது. சாரம் எளிது: என்னென்ன வேலை, ஒவ்வொன்றுக்கும் ஒழுங்காகச் செய்தால் எத்தனை நிமிடம், ஆண்டுக்கு எத்தனை முறை, ஒருவரிடம் இருக்கும் நேரம் எவ்வளவு.

5,000 பேருக்குப் பொறுப்பான ஒரு கிராம சுகாதார செவிலியரை எடுத்துக்கொள்வோம். ஊரில் நர்சம்மா என்பார்கள். ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 14 பிறப்பு என்றால் 70 குழந்தைகள். கருச்சிதைவையும் சேர்த்துப் பத்து சதவீதம் கூட்டினால் 77 கர்ப்பிணிகள். பதிவு முதல் பிரசவத்துக்குப் பிந்தைய வீட்டுப் பார்வைவரை ஒருவருக்கு மொத்தம் 8 மணி நேரம் என்றால் 616 மணி. குழந்தைக்குத் தடுப்பூசி, எடை, பதிவு எல்லாம் சேர்த்து 2 மணி என்றால் 140. பழைய நர்சம்மாவின் வேலை பெரும்பாலும் இவ்வளவுதான்.

இப்போது அதோடு பி.பி., சர்க்கரை சேர்ந்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கிய பிறகு மாத்திரை வீட்டுக்கே போகிறது. தன்னார்வலர்கள் கை கொடுத்தாலும், அளவு ஏறினால் பார்க்க வேண்டியவரும் பதிவுக்குப் பொறுப்பானவரும் செவிலியர்தான். 5,000 பேரில் 600 நோயாளிகள், மாதம் ஒருமுறை, பத்து நிமிடம் என்று வைத்தால் ஆண்டுக்கு 1,200 மணி. மூன்றையும் கூட்டினால் 1,956. ஒருவரின் 1,944 மணி இங்கேயே தீர்ந்துவிட்டது.

இன்னும் கூட்டமும் ஆன்லைன் பதிவும் மாத அறிக்கையும் பாக்கி. இவை நேரத்தில் 25 சதவீதம் தின்கின்றன என்றால் பலர் 1,956-ஐ 1.25-ஆல் பெருக்குவார்கள். தப்பு. நூறு மணியில் 75 மணிதான் களத்துக்குக் கிடைக்கிறது என்பதால் 0.75-ஆல் வகுக்க வேண்டும். பெருக்கினால் 2,445, வகுத்தால் 2,608. இந்தச் சின்னப் பிழையில் ஓர் ஊழியரின் இருபது வேலைநாள் காணாமல் போகிறது. 2,608-ஐ 1,944-ஆல் வகுத்தால் 1.34 ஆள். எண்கள் நாம் வைத்துக்கொண்டவைதான், திசை மெய். கர்ப்பிணிகள் 77-லிருந்து 55 ஆகக் குறைந்தால் 176 மணி மிச்சம். சர்க்கரை நோயாளிகள் நூறு பேர் கூடினால் 200 மணி செலவு. பிறப்பு குறைகிறது, அதனால் ஆள் குறைக்கலாம் என்ற வாதம் இங்கே நிற்காது.

வரிசை ஏன் திடீரென நீள்கிறது

ஓ.பி.யில் ஒரு மருத்துவர், ஒருவருக்குச் சராசரி 4 நிமிடம். மணிக்கு 15 பேரைப் பார்க்கலாம். மணிக்கு 12 பேர் வந்தால் மருத்துவர் 80 சதவீதம் நேரம் வேலையில் இருக்கிறார். வரிசைக் கோட்பாட்டின் எளிய வாய்பாட்டில் காத்திருப்பு என்பது பார்க்கும் நேரம் × (பயன்பாடு ÷ மீதம்). 80 சதவீதத்தில் மீதம் 20, 80 ÷ 20 = 4, ஆகவே காத்திருப்பு 4 × 4 = 16 நிமிடம். மணிக்கு 13.5 பேர் ஆனால், அதாவது 90 சதவீதத்தில், 36 நிமிடம். 14.25 பேர் ஆனால் 76 நிமிடம். மணிக்கு இரண்டேகால் பேர் கூடியதற்குக் காத்திருப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு. மருத்துவர் 95 சதவீதம் நேரமும் வேலை செய்கிறார் என்று ஆய்வுக் கூட்டத்தில் பாராட்டினால், வெளியே பெஞ்சில் இருப்பவர் எழுந்து போய்க்கொண்டிருக்கிறார் என்று பொருள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் முக்கூடல் அம்மாவுக்கு 76 நிமிடம் வெறும் நேரம் அல்ல.

இந்த வாய்பாடு ஆட்கள் ஒவ்வொருவராகத் தற்செயலாக வருவார்கள் என்று கொள்கிறது. டவுன் பஸ் ஒரே தடவையில் இருபது பேரை இறக்கும்போது நிலைமை இன்னும் மோசம், அதுவும் திங்கட்கிழமை. சரி, இரண்டாவது மருத்துவரைப் போட்டால்? வரிசை மறையாது, மருந்துக் கவுன்டருக்கு இடம் மாறும். மருந்தாளுநர் ஒருவர்தானே. எந்த இடம் குறுகலோ அங்கே ஆள் போட வேண்டும். ஒரு வாரம் சீட்டில் நுழைந்த நேரம், மருத்துவரைப் பார்த்த நேரம், மாத்திரை வாங்கிய நேரம் மூன்றையும் குறித்தாலே எது குறுகல் என்று தெரிந்துவிடும்.

கொசு போடும் கணக்கு

சில பணிகளில் ஆள் எண்ணிக்கையை உயிரியலே நிர்ணயிக்கிறது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து சிறகு முளைத்துப் பறக்க 7 முதல் 10 நாள் ஆகும். ஆகவே ஒவ்வொரு வீட்டையும் வாரம் ஒருமுறை பார்த்தாக வேண்டும். ஒரு பணியாளர் நாளைக்கு 50 வீடு, வாரம் ஆறு நாள் என்றால் 300 வீடு. 12,000 வீட்டுக்கு 40 பேர்.

இருபது பேரைப் போட்டால் பாதிப் பலன் கிடைக்கும் என்று நினைப்பது இயல்பு. கிடைக்காது. ஒவ்வொரு வீட்டுக்கும் 14 நாளுக்கு ஒருமுறைதான் போக முடியும், அதற்குள் ஒரு தலைமுறை பறந்துவிடும். இருபது பேரை வைத்துப் பாதி வீடுகளை மட்டும் வாரந்தோறும் பார்ப்பது, எல்லா வீட்டையும் இரு வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பதைவிட மேல். எந்தப் பாதி என்று தேர்ந்தெடுக்கத்தான் வீட்டுக் குறியீடு, அதாவது நூறு வீட்டில் எத்தனை வீட்டில் கொசுப்புழு இருக்கிறது என்ற எண். தண்ணீர் நாள்விட்டு வரும் தெருவில் டிரம்மும் சிமென்ட் தொட்டியும் அதிகம், புழுவும் அதிகம். 2012-இல் கடையநல்லூர் உள்ளிட்ட அன்றைய நெல்லை மாவட்டம் டெங்குவால் பட்ட பாடு பலருக்கும் நினைவிருக்கும். காய்ச்சல் எண்ணிக்கை ஏறிய பிறகு தற்காலிகப் பணியாளரை எடுத்தால், அவர்கள் துரத்துவது ஏற்கெனவே பறந்துவிட்ட கொசுவை. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, செப்டம்பரிலேயே ஆள் தெருவில் இருக்க வேண்டும்.

பணியிடம் வேறு, ஆள் வேறு

கணக்குப் போட்டுப் பணியிடம் உருவாக்குவது பாதி வேலைதான். கருத்துரு மாவட்டத்திலிருந்து இயக்குநரகம் போகும். நிதித்துறை ஒப்ப வேண்டும், அரசாணை வர வேண்டும். பிறகு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பு, தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு, பணியேற்பு.

இங்கே ஓர் எளிய சூத்திரம் உதவும். ஒருவர் ஓரிடத்தில் சராசரி 36 மாதம் இருக்கிறார், அவர் போனபின் இடத்தை நிரப்ப 9 மாதம் ஆகிறது என்றால், எந்த நாளில் எண்ணினாலும் 9 ÷ (36 + 9), அதாவது ஐந்தில் ஓர் இடம் காலியாக இருக்கும். யாரும் தப்பு செய்யாமலே. புதிதாக நூறு பணியிடம் தந்தாலும் இருபது காலிதான். நிரப்பும் காலத்தை மூன்று மாதமாகக் குறைத்தால் காலியிடம் பதின்மூன்றில் ஒன்றாகிவிடும், புதிய பணியிடம் ஒன்றுகூட இல்லாமல்.

குறைக்க முடியுமா? காலியிடங்களில் பெரும்பகுதி முன்கூட்டியே தெரிந்தவை. ஓய்வு வயது 60, பிறந்த தேதி பணிப்பதிவேட்டில் இருக்கிறது. மருத்துவர்கள் அரசுப் பணியில் இருப்போருக்கான ஒதுக்கீட்டில் மேற்படிப்புக்குப் போவது ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே பருவத்தில். நர்ஸ் மகப்பேறு விடுப்பில் போகும் மாதமோ, கருவுற்ற முதல் மூன்று மாதத்துக்குள் 'பிக்மி' என்ற அரசின் கர்ப்பிணிகள் பதிவில் ஏறிவிடுகிறது. பிரசவத் தேதியைப் பதிவு செய்வதும் இதே துறைதான். நிர்வாகப் பிரிவின் மேசைக்கு அது வருவது விடுப்பு விண்ணப்பமாக, ஆறு மாதம் கழித்து.