‘இது என்ன?’ என்று கேட்காமல் ஓவியம் பார்ப்போம்

தங்கச்சிமடத்தில் பன்னிரண்டு வருடமாக மழலையர் வகுப்பு நடத்துகிறேன். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள். பாதிப் பேர் கடலுக்குப் போகிற வீடுகளிலிருந்து வருகிறவர்கள். “மாடர்ன் ஆர்ட் எங்களுக்கே புரியல, இந்தப் பிஞ்சுகளுக்கு எதுக்கு டீச்சர்?” என்று வருடா வருடம் யாராவது ஒரு அம்மா கேட்பார். பிஞ்சுகளுக்குத்தான் அது எளிது என்பது என் அனுபவம்.

போன மே மாதம் ஒரு கல்யாணத்துக்காக எங்கள் ஊர்க் குடும்பங்கள் சில சென்னை போயிருந்தன. மறுநாள் காலை ஐந்து பிள்ளைகளையும் அவர்களின் அம்மாக்களையும் ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டல் ஓவியர் கிராமத்துக்குக் கூட்டிப் போனேன். கே.சி.எஸ். பணிக்கர் என்ற ஓவியர் முன்னின்று, மற்ற ஓவியர்களோடு சேர்ந்து 1966-ல் உண்டாக்கிய இடம் அது. அவர் 1960-களில் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசைப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். எழுத்து மாதிரி இருக்கும், எழுத்து இல்லை. ராசிக் கட்டம் போலக் கட்டங்கள், கணக்குப் போட்டது போல வரிகள். எந்த மொழியிலும் வாசிக்க முடியாது.

அப்படி ஒரு படத்தின் முன்னால் நின்றோம். ஒரு அம்மா கிட்டே போய், “மலையாளமா டீச்சர்? ஒண்ணும் படிக்க வரலையே” என்று தவித்தார். அவருடைய நாலு வயது மகன் தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தபடி, “அப்பாவோட மீன் கணக்கு நோட்டு” என்றான். அவனுக்கு இன்னும் ‘அ’ எழுத வராது. உலகத்தில் உள்ள எல்லா எழுத்தும் அவனுக்கு அந்தப் படம் மாதிரிதான் இருக்கிறது. படிக்க முடியவில்லையே என்ற கூச்சம் இல்லாததால் அவன் கோட்டைப் பார்த்தான், கட்டத்தைப் பார்த்தான். அம்மா கடைசிவரை எழுத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தார். அவர்மேல் தப்பில்லை, நாம் எல்லோரும் அப்படித்தான் பழகியிருக்கிறோம்.

அதனால்தான் ‘இது என்ன?’ என்று கேட்காதீர்கள் என்று சொல்கிறேன். அந்தக் கேள்வி வந்ததும் பிள்ளை படத்தை விட்டுவிட்டு நம் முகத்தைப் பார்க்க ஆரம்பிக்கும், சரியான பதில் அங்கேதான் இருக்கிறது என்று. ‘இந்தக் கோடு எங்கே போகுது, விரலால காத்துல போட்டுக் காட்டு’ என்று கேளுங்கள். சிற்பம் என்றால், அது நிற்கிற மாதிரி நின்று பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றுமே சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் போதும்.

நான் முதல் தடவை செய்தது தவறு. இருபத்திரண்டு பிள்ளைகளை ஒரே நாளில் ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்துக்குப் பஸ்ஸில் அழைத்துப் போனேன். சேதுபதிகள் காலத்துச் சுவரோவியங்கள் உள்ள அரண்மனை. நவீன ஓவியம் இல்லைதான், ஆனால் சுவரைப் பார்த்து நிற்கப் பழகுவதற்கு எங்களுக்குப் பக்கத்தில் அதைவிட நல்ல இடம் கிடையாது. ஒரு மணி நேரம் ஒவ்வொரு சுவராகக் காட்டி விளக்கினேன். கால் மணிக்குள் ஒருத்தி அழுதாள், இருவருக்குப் பசி, மற்றவர்கள் தூணைச் சுற்றி ஓடினார்கள். இப்போது ஒரு தடவைக்கு ஆறு பிள்ளைகளுக்கு மேல் கூட்டிப் போவதில்லை. காலையிலேயே, சாப்பிட வைத்து, பாத்ரூம் போக வைத்து, அப்புறம்தான் உள்ளே. மூன்றே படங்கள். இன்னும் பார்க்கணும் என்று பிள்ளை கேட்கும்போதே வெளியே வந்துவிடுவோம்.

இன்னொன்று, உயரம். நாலு வயதுப் பிள்ளை சுமார் நூறு சென்டிமீட்டர்தான் இருக்கும். படங்களை மாட்டுவது பெரியவர்களின் கண்மட்டத்தில். கிட்டே நின்றால் பிள்ளைக்குச் சட்டமும் கண்ணாடியில் விழும் வெளிச்சமும்தான் தெரியும். நாலடி பின்னால் வந்து தரையில் உட்கார வையுங்கள், நீங்களும் உட்காருங்கள்.

வீட்டுக்கு வந்தபின் படம் வரையச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். அச்சடித்த படத்துக்குள் கோடு தாண்டாமல் வண்ணம் நிரப்பும் புத்தகங்களை என் வகுப்பில் நிறுத்திவிட்டேன். தலையிலிருந்தே கால் முளைத்த மனிதனை மூன்று நாலு வயதில் பெரும்பாலான பிள்ளைகள் வரைவார்கள். அது வளர்ச்சியில் வருகிற ஒரு படி. ‘உடம்பு எங்கேடா?’ என்று திருத்தினால் அந்தக் கை தயங்க ஆரம்பித்துவிடும்.

நம் பிள்ளைகளுக்குப் பேப்பர்கூட வேண்டாம், அலை இறங்கிய ஈர மணல் இருக்கிறது. சென்னையிலிருந்து திரும்பிய வாரம், அந்தப் பையன் ஒரு குச்சியை எடுத்து மணலில் கட்டம் கட்டி, உள்ளே நெளிநெளியாக வரிசை வரிசையாகப் போட்டுக்கொண்டு போனான். அவன் அம்மா வாயைத் திறக்கப் போனார். நான் கையைப் பிடித்தேன். முடித்துவிட்டு, குச்சியால் ஒவ்வொரு வரியாகத் தொட்டு அவனே வாசித்தான்: “நகரை மீன் ரெண்டு கூடை. சூடை ஒரு கூடை. காரல் இன்னிக்கு இல்ல.”