ஸ்கேவஞ்சிங் – பிணந்தின்னல்

இறந்த உடலை நாய், நரி, எலி, பன்றி, காகம், எறும்பு போன்றவை தின்பதைத் தடயவியலில் 'ஸ்கேவஞ்சிங்' என்கிறார்கள். கொன்று தின்பது இதில் சேராது.

சொல்லின் வேர் பிணத்தில் இல்லை, சுங்கத்தில் இருக்கிறது. இடைக்கால லண்டனில் வெளியூர் வணிகர் கொண்டுவந்த சரக்குக்கு 'ஸ்கேவேஜ்' என்றொரு வரி இருந்தது. பிளெமிஷ் மொழியில் 'பார்வையிடு' எனப் பொருள்படும் சொல் வட பிரெஞ்சு வழியாக அங்கே வந்து சேர்ந்தது. வரி தண்டியவர் 'ஸ்கேவேஜர்'. பிறகு தெருச் சுத்தமும் அவர் பொறுப்பானது. 16ஆம் நூற்றாண்டில் 'ஸ்கேவஞ்சர்' ஆகி, குப்பை அள்ளுபவரையும் அழுகியதைத் தின்னும் விலங்கையும் குறித்தது.

தமிழில் இதைத் 'தோட்டி' என்று பெயர்ப்பது தவறு. ஒரு சாதியின் மேல் சுமத்திய தொழிற்பெயரை விலங்குக்குச் சூட்டக் கூடாது. 'துப்புரவு உயிரி' சூழலியலுக்குப் பொருந்தும், தடயவியலுக்குப் பொருந்தாது. இங்கே நடப்பது துப்புரவு அல்ல, சாட்சியத்தின் அழிவு. 'பிணந்தின்னி' நல்ல சொல்தான், ஆனால் அது ஓர் இனத்தின் இயல்பைச் சொல்கிறது. வீட்டில் தனியாக இறந்தவரின் வளர்ப்பு நாய் பிணந்தின்னி இனமில்லை. அதுவும் முகத்தைக் கடிக்கும். அதனால் செயலைக் குறிக்கும் 'பிணந்தின்னல்' என்பதே சரி.

இச்சொல்லில் 'பிணம்' முன்னால் நிற்கிறது. கடிக்கும்போது உயிர் போயிருந்ததா என்பதே முதல் கேள்வி; அதற்கு விடை தெரியாமல் இச்சொல்லை அறிக்கையில் எழுதக் கூடாது. இறந்தபின் ஏற்பட்ட கடியில் பொதுவாக வீக்கமோ திசுவுக்குள் இரத்தக் கசிவோ இராது. விளிம்பு மஞ்சளாகக் காய்ந்திருக்கும். ஆனால் உடலின் தாழ்ந்த பக்கத்தில் இறந்தபின்னும் இரத்தம் கசியலாம். சாவதற்குச் சற்று முன் பட்ட காயத்திலோ உயிர்ப்பின் அடையாளம் மங்கலாகவே தெரியும். ஐயம் இருந்தால் விளிம்புத் திசுவை ஃபார்மலினில் இட்டு நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். உடலைக் கழுவுமுன் கடித்த இடத்தில் பஞ்சுக்குச்சியால் எச்சில் மாதிரி எடுப்பது அவசியம். கழுவிவிட்டால் விலங்கின் டிஎன்ஏ போய்விடும்.

எறும்பு கடித்த தோல் சிராய்ப்பு போலவும் அமிலம் வழிந்த தடம் போலவும் தெரியும். எலி எலும்பில் இணையான பள்ளங்களை விடும். நாயின் கோரைப்பல் குழியும் துளையும் இடும். ஏற்கெனவே காயம் உள்ள இடத்திலிருந்தே நாய் தின்னத் தொடங்குவதுண்டு. கத்திக்குத்து அப்படியே மறைந்துபோகும். கழுத்தைத் தின்றுவிட்டால் நாவடி எலும்பும் போய், நெரித்ததற்கான தடயம் இல்லாமல் போகலாம்.

இறந்த நேரக் கணக்கும் பிசகும். 2009இல் வெளியான டெக்சாஸ் ஆய்வொன்றில், தின்னத் தொடங்கிய பிணந்தின்னிக் கழுகுகள் பன்றி, ஆட்டு உடல்களை 3 முதல் 27 மணி நேரத்தில் எலும்பாக்கின. மிஞ்சிய எலும்பை மட்டும் பார்ப்பவர் பல வாரம் ஆகியிருக்கும் என்றே நினைப்பார்.

எலும்புகள் சிதறிய இடத்தில் தேடும்போது விலங்கின் சாணத்தையும் சலித்துப் பார்க்க வேண்டும். விரல் எலும்பும் மோதிரமும் அதில் இருக்கக்கூடும்.