பொலிட்டிகல் கரெக்ட்னெஸ்: அரசியல் சரித்தன்மையா, அவைத்தகுதியா?

பொலிட்டிகல் கரெக்ட்னெஸ் என்ற ஆங்கிலத் தொடரைத் தமிழில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். கட்டுரையாளர்களில் பலர் அரசியல் சரித்தன்மை என்கிறார்கள். சிலருக்கு அது அரசியல் சரிநிலை, சிலருக்கு அரசியல்சரி. பேச்சில் 'பி.சி. பாக்காம சொல்லுங்க' என்பதோடு வேலை முடிந்துவிடுகிறது. சாதி, மதம், பாலினம், நிறம், உடற்குறை போன்ற காரணங்களால் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டவர்களை மேலும் தாழ்த்துகிற சொல்லையும் கேலியையும் தவிர்த்துப் பேசுவது என்பதுதான் பொருள். இந்தப் பொருள் மேலே உள்ள எந்தத் தமிழாக்கத்தைக் கேட்டாலும் உடனே மனதில் வருவதில்லை.

காரணம் 'அரசியல்' என்ற சொல். நமக்கு அரசியல் என்றால் கட்சி, தேர்தல், கூட்டணி. 'இங்கு அரசியல் பேசாதீர்' என்று சாயாக்கடைச் சுவரில் எழுதி வைத்திருப்பதும் அந்தப் பொருளில்தான். அரசியல் சரித்தன்மை என்று சொன்னதும் நாகர்கோவிலில் ஒரு கல்லூரி மாணவி, "அப்படின்னா அரசியல்வாதிங்க ஒழுங்கா நடந்துக்கிறதா சார்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஆங்கிலத் தொடரில் உள்ள அரசியல், ஆட்சியைக் குறிக்கவில்லை. யார் மேலே, யார் கீழே, யாருடைய சொல் செல்லும் என்ற அதிகாரக் கணக்கைக் குறிக்கிறது.

தொடரின் பிறப்பைப் பார்ப்போம். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1793-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றிலேயே இது வந்துவிட்டது. விருந்துகளில் 'அமெரிக்க ஐக்கிய நாடுகள்' என்று வாழ்த்திக் கோப்பை உயர்த்துகிறார்களே, அது அரசியல் முறைப்படி சரியில்லை, 'அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மக்கள்' என்றுதான் வாழ்த்த வேண்டும் என்று நீதிபதி ஜேம்ஸ் வில்சன் எழுதினார். அதிகாரம் மக்களிடம் இருக்கிறது, ஆகவே மக்களைச் சொல்லுங்கள் என்பது அவர் வாதம். கேலி, வசை எதுவும் அதில் இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் தொடர் இடதுசாரிகள் கைக்குப் போனது. கட்சியின் 'சரியான நிலைப்பாட்டை' வரி மாறாமல் ஒப்பிக்கும் தோழர்களை மற்ற தோழர்கள் இந்தத் தொடரால் கிண்டல் செய்தார்கள். 1970-இல் அமெரிக்க எழுத்தாளர் டோனி கேட் பம்பாரா, தாம் தொகுத்த கறுப்பினப் பெண்களின் எழுத்துத் தொகுப்பில், ஓர் ஆண் அரசியல் ரீதியாகச் சரியானவனாகவும் ஆணாதிக்கவாதியாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது என்று எழுதினார். இன்றைய பொருளுக்கு மிக அருகில் வரும் பயன்பாடு அது. 1990 அக்டோபரில் நியூயார்க் டைம்ஸ், பல்கலைக்கழகங்களில் இந்தப் போக்கு ஓங்குவதாகக் கட்டுரை வெளியிட்டது. 1991 மே மாதம் மிச்சிகன் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் அன்றைய அதிபர், மூத்த ஜார்ஜ் புஷ், பேச்சுரிமைக்கு இது ஆபத்து என்று சாடினார். அதன்பின் இது பெரும்பாலும் எதிர்ப்பவர்கள் வாயில் வரும் சொல்லாகிவிட்டது. 'நான் பொலிட்டிகலி கரெக்ட்' என்று தன்னைப் பற்றி யாரும் சொல்லிக்கொள்வதில்லை.

சரி, தமிழுக்கு வருவோம். 'அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்' என்பது தொல்காப்பியம். அவையில் சொல்லத் தகாத சொல்லை மறைத்து, வேறு சொல்லால் சொல்ல வேண்டும். அந்த நூலை அரங்கேற்றத்தில் கேட்டவர் அதங்கோட்டு ஆசான் என்று அதன் பாயிரம் சொல்கிறது. விளவங்கோடு வட்டத்திலுள்ள எங்கள் அதங்கோடுதான் அவர் ஊர் என்பது குமரி மாவட்டத்தாரின் உறுதியான நம்பிக்கை. பக்கத்துக் காப்பிக்காட்டைத் தொல்காப்பியரின் ஊராகவும் கொண்டாடுகிறோம். நன்னூல் இதையே விரித்து, இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்ற மூன்றையும் தகுதி வழக்கு என்கிறது. கால் கழுவி வந்தேன் என்பது இடக்கரடக்கல். செத்தாரைத் துஞ்சினார் என்பதும் சுடுகாட்டை நன்காடு என்பதும் மங்கலம்.

பள்ளியில் இதைப் படித்தவர்கள், 'பொலிட்டிகல் கரெக்ட்னெஸ் என்றால் இடக்கரடக்கல்தானே' என்று சொல்வதுண்டு. பாதிதான் உண்மை. இடக்கரடக்கல் சபையின் கூச்சத்தைக் காக்கிறது. மங்கலம் அபசகுனத்தைத் தவிர்க்கிறது. எதிரே நிற்கும் ஒரு மனிதனை இந்தச் சொல் தாழ்த்துமா என்ற கேள்வி இரண்டிலுமே இல்லை. ஏன் இல்லை என்று யோசித்தால், அந்த அவையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்ற இடத்துக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

எங்கள் மாவட்டத்தின் பழைய கதை இதற்கு நல்ல சான்று. 1949 வரை இது திருவிதாங்கூர் நிலம், அதன்பின் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி. லண்டன் மிஷனரி சாமுவேல் மெட்டீர் 1871-இல் வெளியிட்ட நூலில், இந்த நாட்டில் அடிமைகளாக நடத்தப்பட்டவர்கள் எப்படிப் பேச வேண்டியிருந்தது என்பதைக் குறித்து வைத்திருக்கிறார். அவர்கள் 'நான்' என்று சொல்லக்கூடாது, 'அடியன்' என்றுதான் சொல்ல வேண்டும். தன் வீட்டில் வெந்த சோற்றைச் 'சோறு' என்று சொல்லக்கூடாது. அது 'கரிக்காடி', அதாவது அழுக்குக் கஞ்சி. பெற்ற பிள்ளைகளைக் 'குரங்கு' என்றோ 'கன்று' என்றோ சொல்ல வேண்டும். சட்டப்படி அடிமைமுறை 1855-இல் ஒழிந்தது. நாடார் பெண்கள் மேலுடை அணியலாம் என்ற அரச உத்தரவு வந்தது 1859 ஜூலை 26-இல்தான். அந்த உரிமைக்கு அடியும் உதையும் பட்டுப் போராட வேண்டியிருந்தது.

இப்போதுதான் மக்கள் அளந்து பேச வேண்டியிருக்கிறது என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு நான் இதைத்தான் எடுத்துச் சொல்வேன். அளந்து பேசுவது இந்த மண்ணில் என்றைக்கும் இருந்தது. அளக்க வேண்டியவர்கள் கீழே இருந்தார்கள், அவ்வளவுதான். தன் சோற்றின் பேரைக்கூடச் சொல்ல முடியாதவனின் பேரன் இன்று அவையில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத சொல் எதுவோ, அது அவையல் கிளவி.

ஆகவே என் பரிந்துரை 'அவைத்தகுதி'. அவை என்பதும் தகுதி என்பதும் இலக்கணம் தந்த சொற்கள். யார் இருக்கும் அவை என்ற கேள்வி சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது. இந்தச் சொல் இந்த அவைக்குத் தகுமா என்று கேட்டால், ஆங்கிலம் தெரியாத பாட்டிக்கும் புரியும். அமெரிக்க விவாதத்தை அப்படியே மொழிபெயர்க்கிறவர்கள் அரசியல் சரித்தன்மை என்று எழுதட்டும், தவறில்லை. நம் ஊர் விஷயத்தைப் பேசும்போது அவைத்தகுதி பொருந்துகிறது.

தமிழ்நாட்டில் அவைத்தகுதிக்காகச் சொற்கள் மாறியது நம் கண்முன்னே நடந்தது. ஊனமுற்றோர் மாற்றுத்திறனாளி ஆனார்கள், அரசுத் துறையின் பெயரே மாறியது. திருநங்கை என்ற சொல்லைக் கலைஞர் கருணாநிதி பரப்பினார். 2022-இல் உயர் நீதிமன்றத்தின் வலியுறுத்தலால் பால்புதுமையர் (எல்.ஜி.பி.டி.க்யூ.) தொடர்பான சொற்பட்டியலைத் தமிழக அரசு வெளியிட்டது. 2025 ஏப்ரலில், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அகராதியில் அது குடியிருப்பு என்று பொருள்படும் சாதுவான சொல். ஆனால் 'காலனிக்காரன்' என்று ஒருவன் எந்தத் தொனியில் சொல்வான் என்பது அங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும்.

மேலிருந்து அன்போடு கொடுக்கிற பேரும் தப்பாகலாம். காந்தி பரப்பிய அரிசனன் என்ற சொல்லை அம்பேத்கர் ஏற்கவில்லை. யாருக்குப் பேர் வைக்கிறோமோ அவரைக் கேட்டுவிட்டு வைத்தால் பாதிச் சண்டை இருக்காது.

அப்புறம் சிரிப்பு. வாதம் சூடாவது இங்கேதான். நகை எதிலிருந்து பிறக்கும் என்பதற்குத் தொல்காப்பியம் நான்கு காரணம் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். முதலில் நிற்பது எள்ளல். கேலி இல்லாமல் சிரிப்பில்லை என்பது நம் முன்னோருக்குத் தெரியும். 'நகையுள்ளும் இன்னாது இகழ்ச்சி' என்று வள்ளுவர் பண்புடைமையில் சொல்வதும் (995) அதை அறிந்த பிறகுதான். விளையாட்டுக்குச் சொன்னாலும் இகழ்ச்சி இகழ்ச்சிதான்.

எங்கள் பக்கத்து ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் ஒரு மிமிக்ரி நிகழ்ச்சி. கலைஞர் திக்கிப் பேசும் ஒருவரைப் போல நடித்துக் காட்டினார். ஒரு வார்த்தையை முடிக்க முடியாமல் காலைத் தரையில் தட்டித் தட்டி அவர் பாடுபட்டதில் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த அண்ணன் திக்கித்தான் பேசுவார். அவரும் சிரித்தார், எல்லோரும் நிறுத்தியபோது நிறுத்தினார். நிகழ்ச்சி முடிந்து சாயா குடிக்கப் போனோம். கடைக்காரர் "என்ன அண்ணே, சாயாவா காப்பியா?" என்று கேட்டார். அண்ணன் வாயைத் திறக்காமல் பக்கத்து மேசைக் கிளாஸை விரலால் காட்டினார். வழக்கமாக அந்தக் கடையில் கடைசி ஆள் போகும்வரை பேசிக்கொண்டிருப்பவர் அவர். அன்று ராத்திரி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

பேச்சுரிமை என்று சொல்கிறவர்கள் அந்த அண்ணனின் பேச்சையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அதற்காக அந்தக் கலைஞர்மேல் வழக்குப் போட வேண்டும் என்று கனவிலும் சொல்ல மாட்டேன். நிகழ்ச்சிக் குழுவினரிடம் நேரில் போய், 'அது வேண்டாம் மக்கா' என்று சொல்ல வேண்டும். சொன்னோம். கேட்டுக்கொண்டார்கள்.

எல்லாக் கேலியும் ஒன்றல்ல. நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்து, வில்லுப்பாட்டில் வளர்ந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், நந்தனார் கதையை வைத்துக் கிந்தனார் காலட்சேபம் செய்தார். ஒடுக்கப்பட்ட வீட்டுப் பையன் படித்து, பள்ளி ஆய்வாளராக ஊர் திரும்புகிற கதை. புனிதமாகக் கருதப்பட்ட ஒரு வடிவத்தையே கேலிக்கு எடுத்தார். அடி விழுந்தது சாதியின்மேல்.

நெருக்கமும் கணக்கில் வரும். இங்கே ரெண்டு கூட்டாளிகள் 'எலே சவமே' என்று கூப்பிட்டுத் தோளில் கைபோட்டுக்கொள்வார்கள். அதே 'சவமே' முன்பின் தெரியாதவன் வாயில் வந்தால் கைகலப்பு. நாங்கள் எங்களுக்குள் பேசிச் சிரிக்கும் குமரித் தமிழை, சென்னையில் யாராவது 'நீ மலையாளியா?' என்று இழுத்துப் பேசிக் காட்டும்போது சிரிப்பு வருவதில்லை. சொல் அதேதான், அவை வேறு.

இனி, சட்டம் எதுவரை போகலாம்? அரசியலமைப்பின் 19(1)(அ) பேச்சுரிமையைத் தருகிறது. 19(2) அதற்கு வரம்பு கட்டுகிறது. நாட்டின் ஒருமைப்பாடு, பொது ஒழுங்கு, நாகரிகம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல் போன்றவை அந்தப் பட்டியலில் உண்டு. 'என் மனம் புண்பட்டது' என்பது தனிக் காரணமாக அதில் இல்லை. மத உணர்வைத் திட்டமிட்டு, தீய நோக்கத்தோடு புண்படுத்தினால் அது குற்றம். இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1927-இல் வந்த 295ஏ பிரிவு அது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 299. பட்டியல் சாதியினரைப் பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் சாதி சொல்லித் திட்டினால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். இவை இருக்க வேண்டியவை. 1982-இல் இந்து-கிறிஸ்தவர் மோதலான மண்டைக்காட்டுக் கலவரத்தைக் கண்ட மாவட்டத்தில், மேடையில் சொன்ன சொல் கடற்கரை ஊரில் என்ன செய்யும் என்பதை யாரும் எங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அதிகாரத்தில் இருப்பவர்கள் புண்பட்டதாகச் சொல்லும்போது மிகுந்த கவனம் வேண்டும். 1987-இல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு நகைச்சுவைத் துணுக்கு வந்தது. மேடையில் இருப்பவர்களில் ஜேப்படித் திருடன் போல இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரன் போல இருப்பவர் மந்திரி என்பது அதன் சாரம். அதற்காகச் சட்டமன்றம் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்தது. எதிர்ப்பு எழுந்ததால் சில நாளில் விடுவித்தார்கள். 2021-இல் வாடிப்பட்டியில் ஒருவர் சிறுமலைக்குக் குடும்பத்தோடு போன படங்களைப் போட்டு, துப்பாக்கிப் பயிற்சிக்கான பயணம் என்று வேடிக்கையாக எழுதினார். போர் தொடுக்க ஆயுதம் சேர்த்ததாக வழக்கு! உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை ரத்து செய்தது.

எங்கள் அருமனையிலும் ஒரு வழக்கு நடந்தது. 2021 ஜூலையில் ஒரு கூட்டத்தில் பேசியதற்காக ஒரு பாதிரியார் கைதானார். 2022 ஜனவரியில் மதுரைக் கிளை சில பிரிவுகளை நீக்கியது, மதப் பகைமை, மத உணர்வு தொடர்பான பிரிவுகளை நீக்க மறுத்தது. மேடைச் சிரிப்புக் கலைஞர்கள் பிறரைக் கேலி செய்வது அவர்களது உரிமை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. யார் பேசினார், எங்கே பேசினார் என்ற இரண்டு கேள்விகள் முக்கியம் என்றது. ஒவ்வொரு பிரிவு குறித்தும் அந்த முடிவை ஏற்காதவர்கள் இங்கே உண்டு. கேட்ட கேள்விகள் சரியானவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

பயன்படுத்தும் முறைக்குச் சில வாக்கியங்கள். 'அந்த நகைச்சுவையில் அவைத்தகுதி இல்லை.' 'காலனி என்பதை மாற்றியது அவைத்தகுதி கருதி.' 'அவைத்தகுதி பார்த்துப் பேசுங்கள்.' ஆங்கிலத்தில் எதிர்ப்பாளர்கள் இளக்காரமாகச் சொல்லும் பொருளுக்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. சொல்லுக்குச் சொல் குற்றம் பிடிக்கிறார்கள் என்று அவர்கள் சொல்ல வந்தால், அதற்குச் 'சொற்கெடுபிடி' என்று தனியாக ஒன்றை வைத்துக்கொள்ளலாம். கெடுபிடி எல்லோருக்கும் தெரிந்த சொல், தனியாக விளக்க வேண்டியிருக்காது.